ஆதியாகமமும் அருணைமலைக் கல்லும்

சென்ற கோடை விடுமுறையில் தமிழ்ச் சிறப்பு வகுப்பினராகிய யாம் எழுவர் திருவண்ணாமலைக்குச் சென்றிருந்தோம். கோயிற் கல்வெட்டுகளைக் காண்பதும், அருணகிரிநாதர் வாழ்ந்த ஊரை ஒருமுறை சுற்றி வருவதுமே எம் நோக்கம். நிலவியல் பயிலும் நண்பர் ஒருவரும் எம்முடன் வந்திருந்தார். மறுநாள் வைகறையில் செங்கம் சாலை வழியே நடந்து இரமணாசிரமத்தை அடைந்தோம். இளவெயில் மலையின் கீழ்ப்புறத்தைச் சிவப்பாக்கியிருந்தது. ஆசிரமத்து மயில்கள் அகவிக்கொண்டிருந்தன. பின்வாயிலிலிருந்து மலைமேற் செல்லும் பாதையோரத்தில் முதியவர் ஒருவர் அமர்ந்திருந்தார். நிலவியல் நண்பர் ஒரு கல்லைக் கையிலெடுத்து, தமிழ்நாட்டின் வடபகுதிப் பாறைகள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழைமையுடையன என்று எமக்கு விளக்கத் தொடங்கினார்.

அதைக் கேட்டிருந்த முதியவர் நகைத்து, “தம்பி, இது கல் என்பது எனக்கும் தெரியும். அறுபது வருஷமாய் இந்தக் கல்லின் மேல்தான் நடக்கிறேன். ஆனால் கார்த்திகையன்று நான் கும்பிடுவது கல்லை அன்று” என்றார்.

அயனும் மாலும் அடிமுடி தேடிக் காணாத அனற்பிழம்பே இம்மலை என்பது அவ்வூர்ப் புராணம். ஆண்டுதோறும் கார்த்திகைத் தீபத்தன்று மலையுச்சியில் நெருப்பேற்றுவது அதன் நினைவாகவே. மலை நெருப்பா, கல்லா என்று அங்கே எவரும் வழக்காடக் கண்டிலோம். ஊர் திரும்பும் பேருந்தில் எம் உள்ளத்தில் ஒரு வினா எழுந்தது. நம் திருச்சபைகளில் மட்டும் ஆதியாகமத்தின் ஆறு நாட்களும், அறிவியலார் கூறும் பரிணாமக் கொள்கையும் ஏன் இன்னும் ஒன்றையொன்று கண்டால் முகம் திருப்பிக்கொள்கின்றன?

இவ்வினா எமக்கு ஏட்டு வினா அன்று. விடுமுறை தோறும் எம் ஊரில் ஞாயிற்றுக்கிழமைகளிற் சிறுவர்க்கு மறைப்பாடம் கற்பித்து வருகின்றோம். அவருள் ஒருவன் பத்தாம் வகுப்பு மாணவன். நம் மாநிலப் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் ‘உயிரின் தோற்றமும் பரிணாமமும்’ என்றொரு பாடம் உண்டு. ஒருநாள் அவன் எம்மைத் தனியே அழைத்து, “அண்ணா, பள்ளித் தேர்வில் கேட்டால் மனிதனும் வாலில்லாக் குரங்கும் ஒரே முன்னோர் வழி வந்தவை என்று எழுதுகிறேன். இங்கே கேட்டால் ஆதாமைக் கடவுள் மண்ணினால் படைத்தார் என்கிறேன். இரண்டுக்கும் முழு மதிப்பெண் கிடைக்கிறது. எது உண்மை?” என்று வினவினான். “பெரியவனானால் புரியும்” என்று சொல்லி அனுப்பிவிட்டோம். அவன் பிறகு கேட்கவில்லை. அவன் கேளாமைதான் இன்றுவரை எம்மை வருத்துகின்றது. பள்ளிக்கு ஒரு விடை, கோயிலுக்கு ஒரு விடை என்று பிரித்து வாழ அச்சிறுவனுக்குக் கற்பித்தவர் யார்? நாமே அன்றோ?

பரிணாமம் வெறும் ஊகம் என்று சொல்லித் தப்புதல் இனி இயலாது. திருவண்ணாமலையிலிருந்து கிழக்கே திண்டிவனம் நோக்கிச் சென்று, அங்கிருந்து தெற்கே திரும்பினால் திருவக்கரை என்னும் ஊரில் கல்லாய்ச் சமைந்த மரங்களைக் காணலாம். அவை ஏறத்தாழ 2 கோடி ஆண்டுப் பழைமையுடையன. நம் உடலும் சான்று பகர்கின்றது. மனிதனுக்குக் குரோமோசோம்கள் 23 இணை, சிம்பன்சிக்கு 24. நம் இரண்டாம் குரோமோசோமை ஆராய்ந்தவர்கள், முன்னோரிடம் தனித்தனியே இருந்த இரண்டு ஒட்டி ஒன்றானதன் தழும்பு அதில் இருத்தலைக் கண்டுள்ளனர். இன்றுள்ள குரங்கிலிருந்து மனிதன் பிறந்தான் என்று அறிவியலார் சொல்லவில்லை. இரண்டும் ஒரு பழங்கிளையிலிருந்து பிரிந்தன என்றே சொல்கின்றனர்.

இச்செய்திகள் நம் நாட்டுக் கிறிஸ்தவர்க்குப் புதியனவும் அல்ல. தோமா அப்போஸ்தலர் உயிர்நீத்த இடமென மரபு கூறும் பரங்கிமலையை நாம் அறிவோம். அம்மலைக் கல்லின் வகைக்குச் சார்னோக்கைட் என்று பெயர். கல்கத்தாவிலுள்ள சோப் சார்னோக்கு என்பாரின் கல்லறைக் கல்லும் அவ்வகையினதே. அதனால் 1893-இல் தாமசு ஆலந்து என்னும் நிலவியலார் அப்பெயரை இட்டார். நம் திருத்தலம் நிற்கும் பாறையும் 250 கோடி ஆண்டுக் கணக்கைச் சேர்ந்ததே. அதன் அயலூர் பல்லாவரம். அங்கே 1863 மே 30-இல், இந்திய நிலவியல் துறையைச் சேர்ந்த இராபர்ட்டு புரூசு பூட்டு என்பவர் சரளைக் குழியொன்றில் மனிதன் செதுக்கிய கற்கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியப் பழங்கற்கால ஆராய்ச்சி அன்று தொடங்கிற்று. சில மாதங்களில் கொற்றலையாற்றுப் பகுதியிலுள்ள அத்திரம்பாக்கத்திலும் அவரும் வில்லியம் கிங்கு என்பவரும் அத்தகைய கருவிகளைக் கண்டனர். அத்திரம்பாக்கத்துக் கருவிகளுட் பழையன ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுக்கு முற்பட்டவை என்று 2011-இல் வெளியான ஆய்வு நிறுவியது.

இந்தப் பூட்டு யாருடைய மருமகன் என்பதைத் தமிழ் மாணாக்கர் அறிதல் வேண்டும். அவர் பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் மகளை மணந்தவர். யாழ்ப்பாணத்தில் வெசுலியன் மிசனைச் சேர்ந்தவராய்ப் பள்ளி நடத்தி, ஆறுமுக நாவலரைத் துணைக்கொண்டு வேதாகமத்தைத் தமிழிற் பெயர்த்த அதே பெர்சிவல். அம்மொழிபெயர்ப்பு 1850-இல் அச்சேறியது. அவர் பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியிலும் ஆசிரியராய் விளங்கினார். மாமனார் ஆதியாகமத்தைச் செந்தமிழாக்க உழைத்தார். மருமகனார் ஆதி மனிதனின் கோடரியைச் செம்மண்ணிலிருந்து எடுத்தார். டார்வின் தம் நூலை வெளியிட்டது 1859-இல். உலகம் கி.மு. 4004-இல் படைக்கப்பட்டது என்று ஆயர் அசர் கணித்த கணக்கு அக்காலத்து ஆங்கில வேதாகமங்களின் ஓரத்தில் அச்சிடப்பட்டிருந்தது. அக்கணக்கைப்போல் 250 மடங்கு பழைய கருவிகள் நம் கொற்றலையாற்றங்கரையிற் கிடந்தன. ஒரு குடும்பத்துள் வேதாகமத்துக்கும் கற்கோடரிக்கும் இடமிருந்ததாயின், ஒரு திருச்சபைக்குள் இடமில்லாமற் போவானேன்?

இனி, ஆதியாகமத்தையே திறந்து பார்ப்போம். வெளியிலிருந்து ஒரு கொள்கையைக் கொண்டுவந்து அதன்மேல் ஏற்ற வேண்டுவதில்லை. நூல் தானே தன்னை எவ்வாறு படிக்க வேண்டுமெனக் காட்டுகின்றது. முதல் நாள் ஒளி. நான்காம் நாள் ஒளி தரும் சுடர்கள். இரண்டாம் நாள் வானும் நீரும். ஐந்தாம் நாள் வானத்துப் பறவையும் நீரில் நீந்துவனவும். மூன்றாம் நாள் நிலம். ஆறாம் நாள் நிலத்தில் வாழும் விலங்கும் மனிதனும். முதல் மூன்று நாளும் இடம் அமைத்தல், பின் மூன்று நாளும் அவ்விடத்தில் வாழ்வோரை வைத்தல். இது நாட்குறிப்பின் நடை அன்று. எதுகையும் மோனையும் போல ஓரடி மற்றோரடிக்கு விடையிறுக்கும் பாட்டின் நடை. கதிரவன் தோன்றுமுன்னரே மூன்று மாலையும் மூன்று காலையும் வந்துபோகின்றன. இரண்டாம் அதிகாரத்திலோ மனிதன் முன்னே, மரமும் விலங்கும் பின்னே. எழுத்துக்கு எழுத்துப் பொருள் கொள்வோர் இவ்விரண்டையும் ஒருங்கே கொள்ளுதல் எவ்வாறு?

இவ்வினாவை டார்வின் வருமுன்னரே திருச்சபைத் தந்தையர் கேட்டுள்ளனர். மூன்றாம் நூற்றாண்டில் ஓரிகன், கதிரவன் இன்றி முதல் மூன்று நாட்கள் எங்ஙனம் நாட்களாயின என வினவினார். 430-இல் மறைந்த அகுசுதீனார், ஆறு நாட்களும் நம் நாட்களைப் போன்றன அல்ல என்றார். கடவுள் வித்துப்போல் வைத்தவை காலத்தில் விரிந்தன என்றும் கருதினார். இயற்கையைப் பற்றி அறியாமல் வேதாகமத்தின் பேரால் பேசும் கிறிஸ்தவன், பிறர் அந்நூலையே நகைக்கச் செய்கிறான் என்று அவர் எச்சரித்தும் உள்ளார். ஆகவே உருவகமாய்ப் படித்தல் அறிவியலுக்கு அஞ்சி நேற்றுக் கண்டுபிடித்த சூழ்ச்சி என்பார் கூற்றுப் பொருந்தாது.

தமிழ் பயில்வோராகிய நமக்கு இஃது இன்னும் எளிதில் விளங்கும். ஓர் அகப்பாட்டை எடுத்தவுடன் நாம் கேட்பது ‘இது எத்திணை?’ என்பதே. மருதத்தில் எருமை தாமரையை மிதித்துச் சென்றால், அது எருமையைப் பற்றிய செய்தி மட்டும் அன்று, தலைவனின் ஒழுக்கத்தைச் சுட்டும் உள்ளுறை என்று உணர்கின்றோம். அதனால் அப்பாட்டுப் பொய் என்று எவரும் சொல்வதில்லை. திணை அறியாமற் பொருள் கூறுவோனையே நாம் பிழைபட்டான் என்கின்றோம்.

இவ்விடத்தில் நம் தமிழன்பர்க்கும் ஒன்று சொல்லுதல் கடன். தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுத்தது. அது வியந்து போற்றத்தக்க பகுப்பு. ஆனால் ஓரறிவுயிர் காலப்போக்கில் ஈரறிவுயிராய் மாறிற்று என்று ஆசிரியர் யாண்டும் கூறவில்லை. சிவபுராணத்தில் மாணிக்கவாசகர் புல் முதலாகப் பல பிறவிகளை எண்ணுவதும் பிறவிச் சுழலைப் பற்றியதே. உயிரினங்களின் கிளைவழியைப் பற்றியதன்று. இவற்றுள் டார்வினைக் காண்போர் செய்யும் பிழையும், ஆதியாகமத்தின் ஒரு நாளை ஒரு யுகமாக நீட்டி நிலவியலோடு ஒட்டவைப்போர் செய்யும் பிழையும் ஒன்றே. நாளை யுகமாக்கினும், கதிரவனுக்கு ஒரு யுகம் முன்னரே புல்லும் மரமும் தழைத்தன என்றாகுமன்றோ? நூல் சொல்லாததைச் சொல்லுமாறு அதனை வருத்துதல் பக்தி ஆகாது.

திருவண்ணாமலை முதியவரின் விடையோடு இச்செய்தியை முடித்துவிடலாமோ எனின், ஆகாது. இரமண மகரிசி 1896-இல் அம்மலைக்கு வருமுன் மதுரையில் அமெரிக்க மிசன் உயர்நிலைப் பள்ளியிற் பயின்றவர். பிற்காலத்தில் தம்மைக் காண வந்தோர்க்கு வேதாகமச் சொற்களையும் எடுத்துக் காட்டியவர். படைப்பைப் பற்றி நூல்கள் பலவாறு கூறுவதேன் என்று கேட்டோர்க்கு, அக்கூற்றுகள் கேட்போரின் பக்குவத்திற்கேற்பச் சொல்லப்பட்டன, அவற்றின் நோக்கம் படைப்பை விளக்குதல் அன்று, தன்னை அறியச் செய்தலே என்ற கருத்துப்பட அவர் விடையிறுத்தார். ஆழ்ந்த விடை அது. எனினும் கிறிஸ்தவர் அவ்வளவில் நிற்றல் இயலாது. நம் மறை உள்ளத்தின் உண்மையை மட்டும் பேசவில்லை. கடவுள் ஒரு நாளில், ஓர் ஊரில், ஓர் ஆளுநனின் ஆட்சியில் செயலாற்றினார் என்கின்றது. எல்லாவற்றையும் உருவகமென்று சொல்லிவிட்டால் சிலுவையும் உருவகமாய்விடுமே என்று எம் பாட்டனார் போன்ற முதியோர் அஞ்சுகின்றனர். அவ்வச்சத்தை நகைத்தல் தகாது.

அதற்கு விடையும் நூலின் நடையிலேயே உள்ளது. லூக்கா தம் வரலாற்றில் திபேரியு அரசனின் பதினைந்தாம் ஆண்டு என்று காலம் குறிக்கின்றார். அப்போது ஆண்ட ஆளுநரையும் ஆசாரியரையும் பெயர் கூறிச் சுட்டுகின்றார். இது சாசனம் எழுதுவோனின் நடை. ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்திலோ அத்தகைய குறிப்பு ஒன்றும் இல்லை. சாசனத்தைச் சாசனமாகவும் பாட்டைப் பாட்டாகவும் படித்தல் ஒன்றே முறை. ஒரு கோயிலின் கல்வெட்டையும் அதே கோயிலின் தலபுராணத்தையும் ஒரே கண்ணாற் படிப்பவன் இரண்டையும் இழப்பான். பூமி நிலையாய் நிற்க ஞாயிறு சுற்றுகின்றது என்பதே வேதாகமத்தின் பொருள் என்று கொண்டு 1633-இல் கலிலேயோவைத் தண்டித்தனர். இன்று எச்சிற்றூர் உபதேசியாரும் அவ்வாறு போதிப்பதில்லை. அதனால் சிலுவை அசைந்ததும் இல்லை.

இன்னும் ஒரு தடை உண்டு. ஆதாம் என்றொருவன் பாவம் செய்திராவிடின் மீட்பு எதற்கு என்பர். எபிரேய மொழியில் ‘ஆதாம்’ என்னும் சொல்லுக்கு மனிதன் என்பதே பொருள். மண்ணைக் குறிக்கும் ‘அதாமா’ என்னும் சொல்லோடு அது இணைந்தொலிக்கின்றது. மண்ணிலிருந்து மனிதன் என்ற அந்த ஒலிநயம் எபிரேயரின் செவிக்குப் பட்டது. தமிழில் அதனை இயற்பெயராகவே வைத்துக்கொண்டமையால் நம் செவிக்குப் படவில்லை. ஆதாம் நாம் அனைவரும். விலக்கிய கனியை விரும்புதல், பறித்தல், பிறன்மேற் பழிபோடுதல், மரங்களிடையே ஒளிதல் ஆகிய இவற்றை எந்தப் புதைபடிவத்திலும் தேடவேண்டுவதில்லை. இன்று மாலைக்குள் நம்முள்ளே காணலாம். ஆனால் பவுலடியார் ஆதாமைக் கிறிஸ்துவுக்கு எதிர்நிறுத்தி உரைப்பதையும், பாவத்துக்கு முன்னரே சாவு உலகில் இருந்தது என்பதையும் பொருத்திக் காண்பது எளிதன்று. திருவக்கரை மரங்கள் மனிதன் வருமுன்னரே மடிந்தவை. பவுல் பேசும் சாவு கடவுளைவிட்டு நீங்கும் சாவு என்று கொள்வதே எமக்குப் பொருத்தமாய்த் தோன்றுகின்றது. வேறு விடை உடையோர் அதனைச் சொல்லட்டும். வினாவே இல்லை என்று மட்டும் சொல்லவேண்டா.

மறுபக்கத்தாரையும் விட்டுவிடலாகாது. உயிர் எவ்வாறு கிளைத்தது என்பதைச் சொல்லும் அறிவியல், ஆகவே படைத்தவன் இல்லை என்று மேலும் ஓரடி வைக்குமாயின், அவ்வடி ஆய்வுக்கூடத்தில் வைத்த அடி அன்று. டார்வினை 1882-இல் வெசுட்டுமின்சுட்டர் திருக்கோயிலுள் அடக்கம் செய்தனர். பரிணாமத்தை மரபியலோடு இணைத்த தியோடோசியசு தொப்சான்சுகி கிறிஸ்தவராகவே வாழ்ந்தார். 1996-இல் போப்பாண்டவர் இரண்டாம் யோவான் பவுல், பரிணாமம் வெறும் கருதுகோளினும் மேற்பட்டது என்று ஏற்றுரைத்தார்.

உருவகம் என்றால் ஒன்றுமில்லை என்று எண்ணுவோர் உளர். உருவகம் நம்மைக் கடமையினின்று விடுவிப்பதன்று. அதுவே கடமையை நெஞ்சில் ஏற்றுவது. மண்ணால் ஆனவன் என்பதை எழுத்தளவிற் கொண்டால், என்றோ ஒருநாள் நிகழ்ந்த அற்புதமென்று சொல்லி நகர்ந்துவிடலாம். அதன் பொருளைக் கொண்டால், மண்ணோடும் புல்லோடும் விலங்கோடும் நாம் உறவினர் என்பதும், எல்லா மாந்தரும் ஒரே மண் என்பதும் தெளிவாகும். பின்னதைப் பரிணாமமும் தன் வழியில் உறுதிப்படுத்துகின்றது. மனிதருள் உயர்குலம் தாழ்குலம் வகுத்து, கல்லறைத் தோட்டத்திலும் மதிலெழுப்பிய திருச்சபைகள் நம் நாட்டில் இருந்தன. அவை ஆறு நாட்களையும் எழுத்துக்கு எழுத்து நம்பியே இருந்திருத்தல் கூடும். அதிகாரத்தின் பொருளை மட்டும் படிக்கவில்லை.

2023-இல் நடுவணரசின் பாடநூற் குழு, சுமை குறைத்தல் என்ற பெயரால், பத்தாம் வகுப்பு நூலிலிருந்து பரிணாமப் பாடத்தை நீக்கியது. 1,800-க்கு மேற்பட்ட அறிவியலாரும் ஆசிரியரும் அதனை எதிர்த்துக் கையொப்பமிட்டனர். அச்செய்தியைப் படித்துச் சினந்தவருள் யாமும் ஒருவர். பின்னர் நாணினோம். “பெரியவனானால் புரியும்” என்று யாம் சொன்னதும் ஒரு பாடத்தை நீக்கியதே அன்றோ?

காலாண்டு விடுமுறையில் அச்சிறுவனைத் தேடிச் சென்றோம். “தம்பி, பள்ளித் தேர்வில் நீ எழுதியது உண்மை. உயிர்கள் எவ்வாறு வந்தன என்பதற்கு அது விடை. ஆதியாகமம் அந்தக் கேள்விக்கு விடை சொல்ல எழுதப்பட்டதன்று. இவையெல்லாம் யாருடையவை, நீ யாருடையவன், இவற்றிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு அது விடை சொல்கிறது. இனி இரண்டையும் இரண்டு இடத்திலும் நீ தயங்காமற் சொல்லலாம்” என்றோம். அவன் சற்று நேரம் பேசாதிருந்து, “இதை அன்றைக்கே ஏன் அண்ணா சொல்லவில்லை?” என்று கேட்டான்.

அதற்கு எம்மிடம் விடையில்லை. அஞ்சினோம் என்பதே மெய். கல்லூரியை விட்டு ஊர் திரும்பி, ஞாயிறு தோறும் சிறுவர் முன் நிற்கப்போகும் நம் தோழர்க்கு இதனைச் சொல்லிவைக்கவே இக்கட்டுரையை எழுதினோம். மலையைக் கல்லென்று அறிந்தும் தொழுத அம்முதியவர் இரண்டு விடை வைத்திருக்கவில்லை. தம் ஒரே விடையை அஞ்சாமற் சொன்னார். அந்நேர்மையையேனும் நாம் நம் சிறுவர்க்குக் கொடுப்போமாக.